ஆன்ஃபீல்டில் 0–7: ஒரு நாள் சறுக்கலா, பருவம் முழுக்கத் தெரிந்த ஓட்டையா?

சிவப்புச்சட்டை (7 மார்ச் 2023)

ஞாயிற்றுக்கிழமை லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நம் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி அவர்களிடம் 0–7 என்று தோற்றதை, அன்றைக்கு எதுவும் கூடிவரவில்லை என்று சொல்லி ஒதுக்கிவிடுவதா, அல்லது எதிரணி மைதானங்களில் இந்தப் பருவத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒரு குறையின் முற்றிய வடிவம் என்று எடுத்துக்கொள்வதா என்பதுதான் என் கேள்வி. என் தரப்பை முதலில் வைத்துவிடுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதல் 42 நிமிடங்களை மட்டும் பார்த்த ஒருவர், இது ஏழு கோல் வாங்கப்போகும் அணி என்று சொல்லியிருக்க முடியாது. புரூனோ ஃபெர்னாண்டஸ் தலையால் முட்டிய பந்து வெளியே போனது. காசெமிரோ வலைக்குள் முட்டியது ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. ராஷ்ஃபோர்டுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. பிறகு 43ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் ஆண்டி ராபர்ட்சன் இடப்பக்கம் பந்தோடு தலை நிமிர்ந்து பார்த்தபோது அவரை நெருக்க யாரும் இல்லை. நம் தற்காப்பில் டலோவுக்கும் வரானுக்கும் நடுவே ஒரு சந்து திறந்திருந்தது. அந்தச் சந்தில் பந்து புகுந்ததும் கோடி காக்போ உள்பக்கமாக வெட்டி, வரானைக் கடந்து, நம் கோல்கீப்பர் டி கெயாவுக்கு எட்டாத தூர மூலையில் அடித்தார். இடைவேளையில் 0–1.

இப்படிப் பின்தங்குவது ஒன்றும் புதிதல்ல. பிப்ரவரி 26 அன்று வெம்பிளியில் லீக் கோப்பை இறுதியில் நியூகாசிலை 2–0 என்று வென்று, 2017க்குப் பிறகு முதல் கோப்பையைத் தூக்கிய அணி இது. மார்ச் 1 அன்று எஃப்ஏ கோப்பையில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராகப் பின்தங்கி 3–1 என்று மீண்டு வந்ததும் இதே அணிதான். ஆகவே இடைவேளையில் நான் பெரிதாகப் பதறவில்லை. ஆனால் மறுபாதி தொடங்கி ஐந்து நிமிடங்களுக்குள், 47இல் நுன்யெஸும் 50இல் மறுபடி காக்போவும் அடித்து, கணக்கு 0–3 ஆகிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை தோல்வி அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்த 40 நிமிடங்களில் வாங்கிய நான்கு கோல்கள்தான் எனக்குப் புரியவில்லை. சலா 66இல், நுன்யெஸ் 75இல், சலா மறுபடி 83இல், மாற்று ஆட்டக்காரராக வந்த ஃபிர்மினோ 88இல். மூன்று கோல் பின்தங்கிய ஓர் அணி, எதிரணி மைதானத்தில், கதவைச் சாத்திக்கொண்டு மானத்தோடு வீடு திரும்பலாம். அல்லது ஒரு கோலாவது திருப்பி அடிக்க ஒழுங்கோடு முயலலாம். நம் அணி இரண்டையும் செய்யவில்லை. முன்வரிசை மேலேயே நின்றது, பின்வரிசை இறங்கிக்கொண்டே போனது, நடுவில் இருந்த பரப்பை லிவர்பூல் எடுத்துக்கொண்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதுவரை நடந்த 25 லீக் ஆட்டங்களில் 12 சொந்த மைதானத்தில். அவற்றில் வாங்கிய கோல்கள் 8. எதிரணி மைதானங்களில் 13 ஆட்டங்கள், வாங்கியவை 27. ஆனால் அந்த 27ஐப் பிரித்துப் பார்த்தால் பிரென்ட்ஃபோர்டில் 4, மான்செஸ்டர் சிட்டியின் எதிஹாடில் 6, ஆன்ஃபீல்டில் 7 என்று மூன்றே ஆட்டங்களில் 17 போய்விட்டன. மற்ற 10 ஆட்டங்களில் மொத்தமே 10தான். சவுத்தாம்ப்டன், லெஸ்டர், வுல்வ்ஸ், லீட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. எனவே தற்காப்பு பொதுவாகவே மோசம் என்று சொல்ல இந்த எண்கள் இடம் தருவதில்லை. சாதாரண நாட்களில் உறுதியாக நிற்கும் ஓர் அணி, சில நாட்களில் மட்டும் ஒரேயடியாகச் சரிந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களை இணைப்பது எது? ஆட்டமுறையா, ஆட்களா, மனநிலையா? "அன்று எல்லோரும் மோசம்" என்ற ஒற்றை வரியைத் தவிர்த்து, ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.


நடுக்களம் (7 மார்ச் 2023)

கணக்கு சரி. அதற்குப் பின்னால் ஓர் ஆட்டமுறைக் காரணம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அதை இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம் மேலாளர் எரிக் டென் ஹாக் அன்று வெக்ஹோர்ஸ்டை நடுவில் சற்றுப் பின்னால் நிறுத்தி, ராஷ்ஃபோர்டை முன்னால் விட்டு, புரூனோவை இடப்பக்கம் தள்ளினார். இதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. உயரமும் உழைப்பும் உள்ள வெக்ஹோர்ஸ்ட், லிவர்பூல் நடுக்களம் பந்தைச் சுலபமாகத் திருப்பிவிடாமல் தடுப்பார். மேலேறி வரும் லிவர்பூலின் வலப்பக்கத் தற்காப்பாளர் அலெக்சாண்டர்-அர்னால்டின் முதுகுப்பக்கம் காலியாகும் இடத்தில் புரூனோ பாய்வார் என்பது திட்டமாக இருந்திருக்க வேண்டும். முதல் 42 நிமிடங்கள் சமமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் புரூனோ ஓரக்கோட்டில் நிற்கும் ஆட்டக்காரர் அல்ல. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவது அவருடைய இயல்பு. அவர் உள்ளே போனவுடன் நம் இடப்பக்கத் தற்காப்பாளர் லூக் ஷாவுக்கு முன்னால் ஆளே இல்லை. எதிரே சலா, எலியட், அலெக்சாண்டர்-அர்னால்ட் என்று மூன்று பேர் மாறி மாறி வருகிறார்கள். இரண்டாவது கோலை மறுபடி பாருங்கள். நம் பெட்டியின் அந்த ஓரத்தில் பந்தை வெளியேற்ற முடியாமல் திணறி, எலியட் தூக்கிப் போட்ட பந்தை நுன்யெஸ் கோலுக்கு மிக அருகிலிருந்து தலையால் தள்ளினார். ஷாவின் தவறு அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பந்தை வாங்கிக்கொள்ள அவர் பார்த்த திசையில் நம் ஆள் ஒருவரும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது கோல் வேறு வகை. சமன்செய்யும் அவசரத்தில் நாம் ஆட்களை மேலே அனுப்பியிருந்தோம். பந்து பறிபோனதும் வலப்பக்கத்தில் சலாவும் லிசாண்ட்ரோ மார்டினெஸும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். சலா உடலை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் திரும்பியதில் மார்டினெஸ் தரையில் விழுந்தார். காக்போ ஓடிவந்து, டி கெயாவின் மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் விட்டார். மார்டினெஸ் இந்தப் பருவத்தில் நம்முடைய மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரே இப்படித் திறந்த வெளியில் சலாவுக்கு எதிராகத் தனியாக நிற்கும் நிலை வந்தது என்றால், பிழை அவருக்கு முன்னால் எங்கோ தொடங்கிவிட்டது.

நடுக்கள ஆட்டக்காரர் எரிக்ஸன் இல்லாததையும் மறந்துவிட வேண்டாம். ஜனவரி இறுதியில் ரெடிங்குடன் நடந்த ஆட்டத்தில் காயமடைந்த பிறகு, நெருக்கடியில் பந்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர் காசெமிரோவுக்குப் பக்கத்தில் இல்லை. ஃபிரெட் ஓடுவார், துரத்துவார், பந்தைப் பறிப்பார். பந்தை நிறுத்தி வைக்க மாட்டார். 0–1 என்று பின்தங்கியிருக்கும்போது ஆன்ஃபீல்டில் வேண்டியது அந்த நிறுத்தம்தான்.

0–3க்குப் பிறகு வாங்கிய நான்கு கோல்கள் புரியவில்லை என்றீர்கள். ஒரு முன்கள ஆட்டக்காரரை எடுத்துவிட்டு நடுக்களத்தில் மூன்றாவது ஆளைப் போட்டு, ஆட்டத்தை அப்படியே உறைய வைத்திருக்கலாம். மெக்டோமினே வந்தார் என்பது உண்மை. கூடவே கார்னாச்சோவும் வந்தார். கோடு ஓரமாகப் பாயும் 18 வயது இளைஞரை 0–3இல் இறக்குவது, மேலாளர் இன்னும் ஆட்டத்தைத் திருப்பிவிடலாம் என்று நம்பியதைக் காட்டுகிறது. அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை நான்கு கோல்.


மைதான ஓரம் (8 மார்ச் 2023)

நடுக்களம் எழுதியதைப் படித்தேன். முதல் மூன்று கோல்களுக்கு அவர் சொல்லும் காரணங்கள் பொருந்துகின்றன. கடைசி நான்கை மட்டும் வரைபடம் போட்டு விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வரிசையில் நான்கு பேர் நிற்கிறார்களா ஐந்து பேரா என்பது, அந்த வரிசையில் நிற்பவர்கள் ஓடும்போதுதான் பொருட்படும்.

டென் ஹாக் ஆட்டம் முடிந்ததும் அணி தொழில்முறைக்கு ஒவ்வாத விதத்தில் நடந்துகொண்டது என்ற பொருளில் பேசினார். மேலாளர்கள் தோல்விக்குப் பிறகு பேசுவதைப் பெரும்பாலும் நான் பொருட்படுத்துவதில்லை, ஆனால் இதில் அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. அணித்தலைவர் ஹாரி மகுவயர் ஆடாத நாட்களில் தலைவரின் கைப்பட்டை புரூனோவிடம் இருக்கிறது. அன்று இரண்டாம் பாதியில் அவர் கைகளை விரித்துச் சக ஆட்டக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொண்டதையும், துணை நடுவரைக் கையால் தள்ளியதையும், தன்னை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று கேட்பதுபோலச் சைகை செய்ததையும் எல்லோரும் பார்த்தோம். முன்னாள் தலைவர் கேரி நெவில் தொலைக்காட்சியில் அவரை மிகக் கடுமையாக விமர்சித்தார். புரூனோவின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் இந்த அணியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 0–4 என்று இருக்கும்போது பத்துப் பேரையும் கூட்டி நிறுத்தி, இனி யாரும் தம் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அன்று களத்தில் இல்லை. வரான் உலகக் கோப்பை வென்றவர், காசெமிரோ ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்றவர். அவர்களும் மௌனமாகவே நின்றார்கள்.

களைப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். பிப்ரவரி 16இலிருந்து மார்ச் 5 வரை பார்சிலோனாவுடன் இரண்டு, லெஸ்டர், வெம்பிளி இறுதி, வெஸ்ட் ஹாம், ஆன்ஃபீல்டு என்று ஆறு ஆட்டங்கள் ஆடியிருக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் லிவர்பூலும் அதே மார்ச் 1 அன்று வுல்வ்ஸுடன் ஆடிவிட்டுத்தான் வந்தது. மேலும், களைத்த அணி 75ஆவது நிமிடத்தில் தளரும். இது 47ஆவது நிமிடத்திலேயே தளர்ந்தது.

ஆகஸ்ட் 13ஐ நினைத்துப் பாருங்கள். பிரென்ட்ஃபோர்டில் முதல் 35 நிமிடங்களுக்குள் நான்கு கோல் வாங்கினோம். எதிரணி நம்மைவிட 13.8 கிலோமீட்டர் அதிகம் ஓடியது என்பதால், மறுநாள் ஓய்வை ரத்துசெய்து அதே தூரத்தை ஆட்டக்காரர்களை ஓட வைத்தார் டென் ஹாக், தானும் கூட ஓடினார். அதற்கு அடுத்த ஆட்டத்தில், ஆகஸ்ட் 22 அன்று, நம் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இதே லிவர்பூலை 2–1 என்று வென்றோம். அன்று எந்தப் புதிய சூத்திரமும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஓடினார்கள், அவ்வளவுதான். எனவே என் பதில்: ஓட்டை தலையில் இருக்கிறது, ஆட்டமுறை வரையும் பலகையில் இல்லை.


காப் மூலை (8 மார்ச் 2023)

நான் லிவர்பூல் ரசிகன். கேலி செய்ய வரவில்லை. கேலி செய்ய வேறு இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன, அங்கே அந்தப் பணி செவ்வனே நடந்துகொண்டிருக்கிறது. இந்த விவாதத்தில் எதிர்ப்பக்கத்துப் பார்வை விடுபட்டிருப்பதால் எழுதுகிறேன்.

முதலில், உங்களை ஏழு கோல் அடித்தது எங்கள் மேலாளர் கிளாப்பின் பழைய, யாரையும் நொறுக்கும் லிவர்பூல் அல்ல. இரண்டு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 21 அன்று, இதே ஆன்ஃபீல்டில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 2–0 என்று முன்னிலை எடுத்துவிட்டு 2–5 என்று தோற்றோம். அதற்கடுத்து கிறிஸ்டல் பேலஸுடன் 0–0. இந்தப் பருவம் முழுக்க எங்கள் நடுக்களத்தைக் கடந்து ஓடுவது யாருக்கும் கடினமாக இருந்ததில்லை. உங்கள் அணி 42 நிமிடங்கள் சமமாக ஆடியதற்கு அதுவும் காரணம். அதனால் "லிவர்பூல் அன்று வேறு தரத்தில் ஆடியது" என்ற ஆறுதல் உங்களுக்குக் கிடைக்காது என்று வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, காக்போ. முன்வரிசையின் நடுவில் நிற்கவேண்டியவர், அங்கே நிற்காமல் கீழே இறங்கிப் பந்தை வாங்குகிறார், அல்லது முதல் கோலில் போல இடப்பக்கம் சாய்ந்து விடுகிறார். அவர் விட்டுச் சென்ற நடு இடத்துக்கு நுன்யெஸ் ஒரு பக்கமிருந்தும் சலா மறுபக்கமிருந்தும் உள்ளே வெட்டுகிறார்கள். வரானுக்கும் மார்டினெஸுக்கும் யாரைத் தொடர்வது என்பது ஒவ்வொரு முறையும் புதிய கேள்வியாக இருந்தது. காக்போவை டென் ஹாக் கடந்த கோடையில் வாங்க விரும்பினார் என்று செய்திகள் வந்தது நினைவிருக்கும். ஜனவரியில் அவர் பிஎஸ்வியிலிருந்து எங்களிடம் வந்தார். இதை எழுதும்போது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி ஏற்படுவதை மறைக்கப்போவதில்லை. சலா அன்று இரண்டு கோல் அடித்து, இரண்டு கோலுக்கு வழிசெய்து, முன்னாள் ஆட்டக்காரர் ராபி ஃபௌலரின் 128 கோல்களைத் தாண்டி, பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். அதையும் ஒரு வரியில் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது, வரலாறு. மான்செஸ்டர் யுனைடெட் ஏழு கோல் வித்தியாசத்தில் தோற்றது 1931 டிசம்பரில் வுல்வ்ஸிடம் 0–7 என்று தோற்றதற்குப் பிறகு இதுவே முதல் முறை. அது பெரிய எண்தான். ஆனால் பெரிய தோல்வி எப்போதும் பெரிய செய்தியைச் சொல்வதில்லை. 2011 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில் 2–8 என்று தோற்ற ஆர்செனல், சில நாட்களுக்குள் அர்டெட்டாவையும் மெர்டெசாக்கரையும் வாங்கி, அந்தப் பருவத்தை மூன்றாம் இடத்தில் முடித்தது. 2020 அக்டோபர் 4 அன்று நடப்பு சாம்பியனான எங்களை ஆஸ்டன் வில்லா தன் மைதானத்தில் 7–2 என்று துவைத்தது; ஒல்லி வாட்கின்ஸ் ஹாட்ரிக். நாங்களும் அந்தப் பருவத்தை மூன்றாம் இடத்தில்தான் முடித்தோம். அந்தப் பருவத்தில் எங்களை உண்மையில் வீழ்த்தியது அந்த ஏழு கோல் அல்ல, அதற்கு இரண்டு வாரம் கழித்து எவர்ட்டனுடன் ஆடும்போது எங்கள் தற்காப்பாளர் வான் டைக் காயமடைந்ததுதான்.

ஆனால் உங்கள் நிலைக்கும் எங்கள் 7–2க்கும் ஒரு வேறுபாடு உண்டு. எங்களுக்கு அது தனி நிகழ்வு. உங்களுக்கு பிரென்ட்ஃபோர்டு, எதிஹாடு, ஆன்ஃபீல்டு என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை விளக்காமல் ஆர்செனலையும் எங்களையும் உதாரணம் காட்டித் தேறிக்கொள்ள முடியாது.


சிவப்புச்சட்டை (10 மார்ச் 2023)

மூவருக்கும் நன்றி. காப் மூலை நண்பரின் சின்ன மகிழ்ச்சியை மன்னித்துவிடுகிறேன்.

நேற்று இரவு யூரோப்பா லீக்கில் ரியல் பெட்டிஸை 4–1 என்று வென்றதைப் பார்த்திருப்பீர்கள். டென் ஹாக் ஆன்ஃபீல்டில் தொடங்கிய அதே பதினொரு பேரை மறுபடி இறக்கினார். நீங்கள் விழுந்த இடத்திலேயே எழுந்து காட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்வதைப் போன்ற முடிவு அது, எனக்குப் பிடித்திருந்தது. ராஷ்ஃபோர்ட், ஆன்டனி, புரூனோ, வெக்ஹோர்ஸ்ட் ஆகிய நான்கு பேரும் கோல் அடித்தார்கள். மைதான ஓரம் இதைத் தன் தரப்புக்குச் சான்றாகக் காட்டுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் அது ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. சொந்த மைதானத்தில் இந்த அணியின் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. என் கேள்வி எதிரணி மைதானங்களைப் பற்றியது, அங்கே ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எதிஹாடில் இடைவேளைக்கே 0–4. நவம்பர் 6 அன்று ஆஸ்டன் வில்லாவின் வில்லா பார்க்கில், அவர்களுடைய புதிய மேலாளர் உனாய் எமரியின் முதல் ஆட்டத்தில், 11 நிமிடங்களுக்குள் இரண்டு கோல், பிறகு இடைவேளை முடிந்த கையோடு மூன்றாவது. ஆன்ஃபீல்டில் மறுபாதியின் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு. கோல்கள் நமக்கு எதிராகத் தனித்தனியாக வருவதில்லை, கொத்தாக வருகின்றன. ஒரு கோல் வாங்கியதும் அடுத்த பத்து நிமிடங்களை எப்படிக் கடப்பது என்பது இந்த அணிக்குத் தெரியவில்லை. பிரென்ட்ஃபோர்டில் காசெமிரோ இன்னும் வந்து சேரவில்லை, எதிஹாடில் அவர் பிற்பாதியில்தான் இறங்கினார் என்று இதுவரை நமக்கு ஒரு சாக்கு இருந்தது. வில்லா பார்க்கிலும் ஆன்ஃபீல்டிலும் அவர் தொடக்கத்திலிருந்தே ஆடினார். அந்தச் சாக்கு இனி செல்லாது.

எனவே நடுக்களம் சொல்லும் ஆட்டமுறையும் மைதான ஓரம் சொல்லும் தலைமையும் சந்திக்கும் இடம் அந்தப் பத்து நிமிடங்கள்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 2 அன்று நியூகாசில் போகிறோம். அங்கே முதல் கோல் அவர்களுடையதாக இருந்தால், அதற்குப் பிறகு நடப்பதை நான் தனியாகக் கவனித்துக்கொள்வேன்.


நடுக்களம் (30 மே 2023)

பருவம் முடிந்துவிட்டதால் இந்தப் பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், ஏனென்றால் சிவப்புச்சட்டை தொடங்கிய கணக்கை இப்போது முழுமையாக முடிக்கலாம்.

75 புள்ளிகளோடு மூன்றாம் இடம். ஆர்செனலையும் தங்களையும் பற்றிக் காப் மூலை எழுதியது நமக்கும் பலித்துவிட்டது. லிவர்பூல்காரர்கள் 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்தில் முடித்துச் சாம்பியன்ஸ் லீக்கைத் தவறவிட்டார்கள். ஏழு கோல் அடித்தவர்கள் கீழே, வாங்கியவர்கள் மேலே. இதில் மகிழ எனக்கும் உரிமை உண்டு.

சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்களில் 15 வெற்றி, 1 தோல்வி, வாங்கிய கோல்கள் 10. வெளியே 8 வெற்றி, 3 சமநிலை, 8 தோல்வி, வாங்கியவை 33. கோல் வாங்காத ஆட்டங்கள் 17 என்று டி கெயா தங்கக் கையுறையை வென்றார். அவற்றில் 11 ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தவை.

ஆன்ஃபீல்டுக்குப் பிறகு வெளியே ஆடிய ஆறு லீக் ஆட்டங்களைத் தனியாக எடுத்தால் வேறொரு படம் கிடைக்கிறது. நியூகாசிலில் 0–2, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் 2–0, டாட்டன்ஹமில் 2–2, பிரைட்டனில் 0–1, வெஸ்ட் ஹாமில் 0–1, போர்ன்மவுத்தில் 1–0. ஆறு ஆட்டங்களில் வாங்கியது 6 மட்டுமே. லீக்கில் கொத்தாகக் கோல் வாங்குவது நின்றுவிட்டது என்றே சொல்லலாம். யூரோப்பா லீக்கில் ஏப்ரல் 20 அன்று செவியாவில் 0–3 என்று வெளியேறியது மட்டும் பழைய நாட்களை நினைவூட்டியது. அன்று மார்டினெஸும் வரானும் காயத்தால் இல்லை. ஆனால் லீக்கில் தோற்ற மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மார்ச்சில் சரிந்துவிழுவது பிரச்சினையாக இருந்தது, மே மாதத்தில் எழுந்து நடக்க முடியாதது பிரச்சினையாகிவிட்டது. பிரைட்டனில் 99ஆவது நிமிடத்தில் மாக் அலிஸ்டர் அடித்த பெனால்டியையும், வெஸ்ட் ஹாமில் டி கெயாவின் கையைத் தட்டி உள்ளே போன பென்ராமாவின் பந்தையும் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அந்த இரு நாட்களிலும் நாம் ஒன்று அடித்திருந்தால் அவை துரதிர்ஷ்டமாகத் தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். நம்மைத் தவிர்த்து முதல் ஒன்பது இடங்களில் முடித்த எட்டு அணிகளின் மைதானங்களில் ஒன்றில்கூட நாம் வெல்லவில்லை. சிட்டி, ஆர்செனல், நியூகாசில், லிவர்பூல், பிரைட்டன், வில்லா, பிரென்ட்ஃபோர்டு ஆகிய ஏழு இடங்களில் தோல்வி. டாட்டன்ஹமில் இடைவேளைக்கு 2–0 என்று முன்னிலையில் இருந்து சமநிலை. வெளியே நாம் வென்ற அணிகளில் பட்டியலில் மிக உயரத்தில் முடித்தது பத்தாம் இடத்து ஃபுல்ஹாம், அதுவும் கார்னாச்சோ கடைசி நிமிடத்தில் அடித்த கோலால்.

ஆகையால் மைதான ஓரம் சொன்ன மனநிலை விளக்கத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. ஓடாததுதான் நோய் என்றால் அது கீழ்ப்பாதி அணிகளின் மைதானங்களிலும் அடிக்கடி தலைகாட்டியிருக்கும். பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரிந்த நல்ல அணிகள் தங்கள் மைதானத்தில் நம்மை நெருக்கும்போது, அந்த நெருக்கடியிலிருந்து பந்தை வெளியே எடுத்துவர நம்மிடம் போதிய ஆட்கள் இல்லை. எடுத்துவந்தாலும் மேலே அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. லீக்கில் ராஷ்ஃபோர்ட் 17 கோல் அடித்தார். அவருக்கு அடுத்து அதிகம் அடித்த புரூனோவின் கணக்கு 8. வெக்ஹோர்ஸ்ட் லீக்கில் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோடைக்காலச் சந்தையில் முதல் பணம் ஒரு சென்டர் ஃபார்வர்டுக்கும், அடுத்தது காசெமிரோவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. கோல்கீப்பரைப் பற்றி வேறொரு இழையில் சண்டையிட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சிட்டியுடன் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் இருக்கிறது. வெம்பிளி பொது மைதானம் என்பதால் அது மேற்படிக் கணக்கில் எந்தப் பக்கமும் சேராது.